பச்சை உடம்பு

ஒருத்தி பிள்ளை பெற்றாள் என்ற செய்தி வந்ததும், ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு பெரிய காரியம் நல்லபடியாக முடிந்தது என்று நாம் நிம்மதி அடைகிறோம்; அந்தக் கணத்திலிருந்து வீட்டாரின் கண்கள் தாயை விட்டுச் சிசுவின் பக்கம் திரும்பிவிடுகின்றன. சரீர சாஸ்திரம் கூறும் கதை வேறு விதமானது. பிரசவத்தை ஒட்டி நேரும் தாய்மார் மரணங்களில் பெரும்பகுதி குழந்தை பிறந்த பிறகுதான் நிகழ்கிறது. அதிலும் முதல் 24 மணி நேரம் மிகவும் அபாயகரமானது. ஒன்பது மாதங்களில் சிறுகச் சிறுகக் கட்டிய ஒரு பெரும் ஏற்பாட்டை ஆறே வாரங்களில் கலைத்துவிட்டு, அதே வேளையில் பால் சுரப்பு என்னும் இன்னொரு பெரும் ஏற்பாட்டைத் தாயின் சரீரம் தொடங்கவேண்டியிருக்கிறது. வயது வந்த மனித உடம்பு ஒன்றில், நோய் இல்லாமல், இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய மாறுதல் நிகழும் சந்தர்ப்பம் வேறு கிடையாது.

தமிழ்நாட்டில் பிரசவ ஆபத்து இரண்டு தலைமுறைக்குள் வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2019-21-ம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் ஆஸ்பத்திரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான் நடந்தன. 2018-20-ம் ஆண்டுகளில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் என்ற அளவில் இங்கே மரணம் இருந்தது. இந்தியா முழுவதற்குமான கணக்கு 97. இவை சாமானியமான வெற்றிகள் அல்ல. ஆயினும் பிரசவ அறையின் வாசலைத் தாண்டி வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுத்த ஆறு வாரங்களில் என்ன நேர்கிறது, அவள் அருகில் யார் இருக்கிறார்கள் என்ற விஷயத்தில் நாம் காட்டும் சிரத்தை அந்த அறைக்குள் காட்டும் சிரத்தையில் பாதிகூட இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தைத் திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியைக் கண்முன் வைத்துக்கொண்டு சொல்ல விரும்புகிறேன். கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், இரும்பு ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் உதிரிப்பாகக் கம்பெனிகளும் நிறைந்த சிப்காட் பேட்டை அங்கே இருக்கிறது. மாவட்டத்தின் உட்பகுதிகளில் செங்கல் சூளைகள் மிகுதி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்கள் வரிசை வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் வாடகைக்கு வசிக்கின்றன. தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கம், தாய்வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெண்ணுக்குச் செல்லாக்காசாகிவிடுகிறது. ஆறு வாரத்து உடம்புக்கு எதெல்லாம் தேவை என்பதை, அது கிடைக்காத இடத்தில் நின்று பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

முதலில் பிரசவ வேதனையைப் பற்றிச் சிறிது. இடுப்பின் பின்புறத்தில் தொடங்கி, அடிவயிற்றை வளைத்துக்கொண்டு முன்னுக்கு வந்து, உச்சத்தை எட்டி, மெள்ள விட்டுப்போகும் அந்த வலி, தலைச்சன் பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கக்கூடும். சரீரத்தின் செயல்கள் பெரும்பாலும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் இயல்புள்ளவை. உடல் சூடேறினால் வியர்வை வந்து சூட்டைத் தணிக்கிறது. பிரசவம் இந்த விதிக்கு விலக்கு. குழந்தையின் தலை கருப்பையின் வாயை அழுத்த அழுத்த, அந்தச் செய்தி நரம்புகள் வழியே மூளைக்கு எட்டி, அங்கே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கருப்பையை மேலும் இறுக்குகிறது. இறுகிய கருப்பை தலையை மேலும் அழுத்துகிறது. இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போய், குழந்தை வெளியே வருவதில்தான் அந்தச் சுழல் முடிவடைகிறது. பயமும் தனிமையும் இந்தச் சுழலைத் தாமதப்படுத்தும் என்பதும், நம்பிக்கைக்குரிய ஒரு பெண் துணை இடைவிடாமல் உடன் இருந்தால் வேதனை நேரம் குறைந்து, ஆயுதம் போடாத பிரசவங்கள் அதிகரிக்கும் என்பதும் பல நாட்டு ஆராய்ச்சிகளில் உறுதிப்பட்டவை. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதிப்பது இதனால்தான். கூட வர யாருமில்லாதவளுக்கு அந்த அனுமதியால் பயன் என்ன?

குழந்தை அழுத பிறகு, அறையில் இருக்கும் அனுபவசாலியான நர்ஸின் கை தாயின் வயிற்றுக்குப் போகிறது. தொப்புளுக்கு அருகே உள்ளங்கையை வைத்து, அடியில் இருக்கும் கருப்பை கெட்டியாக இருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று அவள் தடவிப் பார்க்கிறாள். தாய்க்கு அது வலிக்கும். "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அழுத்துவாள். ஏனெனில் நிறைமாதத்தில் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்ந்துகொண்டிருந்த இடம் அது. ஏறக்குறைய அரை கிலோ எடையுள்ள நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும், அது ஒட்டியிருந்த பரப்பு முழுவதும் திறந்த ரத்தக் குழாய்களாக நிற்கிறது. வேறெந்தக் காயத்திலும் முதல் வேலை ரத்தம் உறைவதுதான். இங்கே உறைவதற்கு முன்னதாகவே வேறொரு உபாயம் வேலை செய்கிறது: கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்க, ரத்தக் குழாய்கள் அந்தப் பின்னலின் கண்கள் வழியே செல்கின்றன, தசை சுருங்கும்போது, சுருக்குவலையின் கயிற்றை இழுத்தால் வலையின் வாய் மூடிக்கொள்வதுபோல, ஒவ்வொரு குழாயும் நெரிக்கப்பட்டு அடைபடுகிறது. தசை தளர்ந்திருந்தால் அடைப்பு இல்லை. பிரசவத்துக்குப் பின் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அதை ஆபத்து என்று மருத்துவர்கள் வரையறுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த நஷ்டமே உயிருக்கு உலை வைக்கும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருப்பதை மேற்கூறிய கணக்கெடுப்பே காட்டுகிறது.

இந்த ஆபத்தைத் தடுக்கும் மருந்தின் கதை ஒரு பூனையில் தொடங்குகிறது. லண்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹென்றி டேல், மாட்டின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கர்ப்பமான பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை 1906-ல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் உள்ள சத்தாகிய, மேலே சொன்ன ஆக்ஸிடோசின், ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி என்று கண்டு, அதைச் சோதனைச் சாலையிலேயே செய்து காட்டியவர் அமெரிக்க ரசாயன நிபுணர் வின்சென்ட் டு விக்னோ, ஆண்டு 1953. அதற்காக 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாயின் தொடையில் போடப்படும் பத்து யூனிட் ஊசி அதுதான். அதன் பலவீனம் ஒன்றே ஒன்று: வெயிலின் உஷ்ணத்தை அது தாங்காது. இரண்டு முதல் எட்டு டிகிரி வரையுள்ள குளிர்ச்சியில் வைக்காவிட்டால் நாளடைவில் வீரியம் குன்றிவிடும். ஆகவே கிராமத்து சுகாதார நிலையத்தில் இருக்கும் சாதாரண பிரிட்ஜும், மின்சாரம் போகும் வேளையில் அதைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரும், தாய்மார்களின் உயிரைக் காக்கும் சங்கிலியில் மருத்துவருக்குச் சற்றும் குறையாத கண்ணிகள்.

முதல் நாள் கடந்துவிட்டால் கருப்பை தன் பழைய உருவத்துக்குத் திரும்பும் வேலை தொடங்குகிறது. பிரசவம் ஆனதும் ஒரு கிலோ அளவுக்கு இருக்கும் அது, ஒரு வாரத்தில் பாதியாகி, ஆறு வாரத்துக்குள் நூறு கிராமுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தசை அணுக்கள் எண்ணிக்கையில் அதிகமாகக் குறைவதில்லை; ஒவ்வொரு அணுவும் தன் உள்ளிருக்கும் புரதத்தைத் தானே கரைத்துச் சிறுத்துப்போகிறது. நாளுக்கு ஒரு விரற்கடை வீதம் கீழே இறங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் வயிற்றைத் தொட்டால் கைக்கு அகப்படாத இடத்துக்குப் போய்விடும். முதலில் சிவப்பாகவும், பிறகு வெளிறிய பழுப்பாகவும், கடைசியில் வெண்மையாகவும் வாரக்கணக்கில் போகும் கசிவு, நஞ்சுக்கொடி இருந்த புண் ஆறிவருவதன் அடையாளம். கர்ப்ப காலத்தில் பாதிக்குப் பாதி அதிகரித்திருந்த ரத்தத்தின் உபரி நீரை உடம்பு முதல் வாரத்தில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேற்றுகிறது. நள்ளிரவில் புடவை நனையும்படி வியர்த்து விழித்துக்கொள்ளும் பெண்ணுக்கு இதை யாராவது முன்கூட்டிச் சொல்லிவைத்தால் எவ்வளவு பயம் குறையும்!

பயம் என்றதும் ஜன்னி நினைவுக்கு வருகிறது. காதில் பஞ்சு அடைத்து, தலையில் துணி கட்டி, காற்றுப் புகாத அறையில் பெற்றவளை வைத்திருந்த நம் பாட்டிமார்களின் பயம் காரணமில்லாதது அன்று. பிரசவமான மூன்றாம் நாள் நான்காம் நாள் காய்ச்சல் கண்டு, பிதற்றி, வாரத்துக்குள் மாண்டுபோன பெண்களை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். காற்றின்மேல் அவர்கள் சுமத்திய பழி உண்மையில் கைகளைச் சேரவேண்டியது. வியன்னா நகரின் பெரிய ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்துப் பாடம் படித்துவிட்டு அப்படியே பிரசவ அறைக்கு வந்த மாணவர்களின் விரல்களில் மரணம் ஒட்டிக்கொண்டிருப்பதை இக்னாஸ் ஸெம்மல்வெய்ஸ் 1847-ல் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனையில் கத்தி கீறிய காயத்தால் அவருடைய நண்பர் கோலெட்ச்கா இறந்ததும், அந்த மரணத்தின் குறிகளும் பிரசவ ஜன்னியின் குறிகளும் ஒன்றாகவே இருந்ததும் அவர் சிந்தனையைத் தூண்டின. குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டு அளவுக்கு இறங்கியது. ஆனாலும் அவருடைய சகாக்களில் பெரும்பாலோர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. மருத்துவரின் கையே கொல்லும் என்பதை ஒப்புக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்தது.

இன்று ஜன்னி அரிதாகிவிட்டது, அழிந்துபோகவில்லை. பிரசவமான பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் அது பால் கட்டியதால் வந்ததாகவும் இருக்கலாம், தையல் போட்ட இடமோ கருப்பையோ சீழ் பிடித்ததாலும் இருக்கலாம். இரண்டையும் வீட்டில் இருப்பவர்கள் பிரித்தறிய முடியாது. ஆகவே காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனையும்படியான ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், தாங்கமுடியாத தலைவலியுடன் கண் மங்குதல் ஆகிய எதைக் கண்டாலும் 108-ஐ அழைக்கத் தயங்கக்கூடாது. கடைசியாகச் சொன்னதை விசேஷமாக நினைவில் வைக்கவேண்டும். ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு, கர்ப்பத்தில் ஒரு குறையும் இல்லாதிருந்தவளுக்குக்கூட, குழந்தை பிறந்து சில நாட்கள் கழித்து வரக்கூடும்.

இனிப் பால். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பகம் பால் சுரக்கத் தகுதி பெற்றுவிடுகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ப்ரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் அதைத் தடுத்து நிறுத்திவைத்திருக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் தடை நீங்குகிறது. ஆனால் அந்த ஹார்மோன் ரத்தத்திலிருந்து வடிந்து, சுரப்பிகள் முழு வேகத்துக்கு வர இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில் வருவது சீம்பால். அளவில் சில தேக்கரண்டிகள்தான். மஞ்சளாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். நோயை எதிர்க்கும் சத்துக்கள் பின்னால் வரும் பாலைவிட அதில் பல மடங்கு அதிகம். இதைக் கெட்டுப்போன பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனை தொட்டுவைத்த பழக்கம் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. மேற்கூறிய கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 60.2 பேர்தான். ஆஸ்பத்திரிப் பிரசவம் ஏறக்குறைய முழுமை அடைந்துவிட்ட ஒரு மாநிலத்தில் இந்த எண் என்னை வருத்துகிறது. நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் ஆபரேஷனாக இருப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். வயிற்றில் தையலும் காலில் மரமரப்புமாகப் படுத்திருக்கும் பெண்ணின் மார்பில் குழந்தையைப் பிடித்துவைக்க இன்னொருவர் வேண்டும்.

முதல் மூன்று நாட்களில் குழந்தையின் எடை குறையும். நூற்றுக்கு ஏழு அளவு குறைவது சாதாரணம், பத்தைத் தாண்டினால் மருத்துவர் பார்க்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடைக்கு அது திரும்பிவிடுகிறது. இதை அறியாத தாய், குழந்தை அழுவதையும் எடை இறங்கியதையும் சேர்த்துப் பார்த்து, தனக்குப் பால் இல்லை என்று தீர்மானித்து, டப்பாப் பாலுக்குப் போய்விடுகிறாள். பால் சுரப்பின் விதியோ, எடுக்க எடுக்கத்தான் ஊறும் என்பது: குழந்தை உறிஞ்சும் ஒவ்வொரு தடவையும் ப்ரொலாக்டின் சுரந்து அடுத்த வேளைப் பாலுக்கு ஆணையிடுகிறது, டப்பாப் பால் குடித்துத் தூங்கும் குழந்தை அந்த ஆணையை இடாமல் விட்டுவிடுகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிற்றில் பிள்ளைபெற்ற வலிபோல் சுருட்டிப் பிடிப்பதாகப் பல பெண்கள் சொல்வார்கள், முக்கியமாக இரண்டாம் பிரசவத்துக்குப் பின். பாலைப் பீறிட்டு வெளிவரச் செய்வதும் கருப்பையைச் சுருங்கச் செய்வதும் அதே ஆக்ஸிடோசின். சிசு தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும்போதே தாயின் ரத்தப்போக்கையும் கட்டுப்படுத்துகிறது. இயற்கையின் இந்தச் சிக்கனத்தை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

பத்தியம் என்று நம் வீடுகளில் கொடுப்பவற்றில் கொள்ளத்தக்கவையும் தள்ளத்தக்கவையும் கலந்திருக்கின்றன. இந்தக் கடலோர ஊர்களில் பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து போடுவார்கள். அதில் பால் ஊறுகிறதோ இல்லையோ, முள் இல்லாத, எளிதில் ஜீரணிக்கும் சிறந்த புரதம் அது. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுப்பதைப் பற்றி ஒரு சுவையான ஆராய்ச்சி உண்டு: அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷம்பும் 1991-ல், பூண்டு உண்ட தாயின் பாலில் அதன் வாசனை ஏறுவதையும், அந்த வாசனை ஏறிய வேளையில் சிசுக்கள் மார்பை விடாமல் அதிக நேரம் பற்றிக்கொள்வதையும் கண்டார்கள். ஆனால் தண்ணீரை அளந்து கொடுப்பதும், புண் ஆறாது என்று பழத்தையும் கீரையையும் விலக்குவதும் தீங்கானவை. பால் தரும் பெண்ணுக்குத் தாகம் இயற்கையாகவே அதிகம், நார்ச்சத்தும் நீரும் இன்றி மலம் இறுகினால் தையல் போட்ட இடம் படும் பாட்டை அவளே அறிவாள். முழு நேரமும் படுத்தே கிடக்கச் செய்வதும் ஆகாது. பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தடுப்பதற்காக ரத்தத்தின் உறையும் சக்தியைச் சரீரம் உயர்த்திவைத்திருக்கிறது. அது பழைய அளவுக்கு வர ஆறு வாரமாகும். அசையாத காலில் ரத்தம் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நடப்பது நல்லது, குடம் தூக்குவதும் துணி துவைப்பதும் கூடாது என்பதுதான் இதில் சரியான அளவு. நாற்பது நாள் ஓய்வு என்ற பழைய ஏற்பாட்டின் சாரமும், வீட்டு வேலையைப் பிறர் கைகள் ஏற்றுக்கொண்டன என்பதில்தான் இருந்தது.

அந்தக் கைகளின் அருமை உடம்பைவிட மனத்தில்தான் துலாம்பரமாகத் தெரிகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காரணம் சொல்லத் தெரியாமல் அழுகை பொங்கிவருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களின் அனுபவம். நஞ்சுக்கொடி உண்டாக்கிய ஹார்மோன்கள் ரத்தத்தில் திடீரென்று சரிந்ததும், தூக்கமின்மையும் சேர்ந்து அதை விளைவிக்கின்றன. பத்து நாளுக்குள் அது தானே விலகும். விலகாமல் இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்து, குழந்தையைப் பார்த்தால் எந்த உணர்ச்சியும் எழவில்லை, நான் தாயாக இருக்க லாயக்கற்றவள், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணங்கள் வேரூன்றினால் அது நோய். வைத்தியத்தால் குணமாகும் நோய். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தி, 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் மண்ணில் எழுந்த முக்கியமான சாட்சியம். கர்ப்ப காலத்தில் மனச்சோர்வு இல்லாதிருந்த பெண்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குப் பிரசவத்துக்குப் பின் அது புதிதாகத் தோன்றியிருந்தது. யாருக்குத் தோன்றியது என்று அவர்கள் ஆராய்ந்தபோது கிடைத்த விடைகளில் ஹார்மோனைக் காணோம்: வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த இடர்கள், கை உதவிக்கு ஆள் இல்லாமை.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியின் ஒற்றை அறை வீடுகளுக்குத் திரும்புவோம். புருஷன் பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குப் போய்விடுகிறான். தகரக் கூரையோ சிமெண்டுக் கூரையோ நண்பகலில் கொதிக்கிறது. கழிவறை பத்து வீட்டுக்குப் பொது. தண்ணீர் வரும் நேரத்தில் குடத்துடன் நிற்காவிட்டால் அன்று தண்ணீர் இல்லை. ஆபரேஷன் ஆகிப் பத்தாம் நாள் ஒருத்தி அந்தக் குடத்தைத் தூக்கும்போது அவளைத் தடுக்கத் தாயோ, மாமியாரோ, நாத்தனாரோ அருகில் இல்லை. மாமியாரின் கடுமை மனச்சோர்வுக்குக் காரணமாவதை மேலே பார்த்தோம். மாமியாரே இல்லாத வீட்டின் நிலை அதைவிட மோசமாக இருக்கலாம் என்பதை இங்கே காணலாம். பக்கத்து அறைக்காரி, அவள் பேசும் பாஷை வேறாக இருந்தாலும், ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத் தூக்கம் எந்த லேகியத்துக்கும் குறைந்ததன்று.

அரசாங்கத்தின் கையாக அந்தச் சந்துக்குள் நுழைபவள் கிராம சுகாதார நர்ஸ். பிறந்த மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், பிறகு வாரத்துக்கு ஒரு முறையும், கடைசியாக நாற்பத்திரண்டாம் நாளும் பச்சிளங் குழந்தையை வீடு தேடிச் சென்று பார்க்கவேண்டும் என்பது தேசிய சுகாதாரத் திட்டம் வகுத்திருக்கும் கிரமம். தொங்கும் தராசில் துணித் தூளி கட்டிக் குழந்தையை நிறுக்கிறாள். தொப்புளை முகர்ந்து பார்க்கிறாள். தாயின் கீழ் இமையை இழுத்து ரத்தசோகை பார்க்கிறாள். பால் கொடுக்கச் சொல்லி, குழந்தையின் வாய் காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையம் முழுதும் கவ்வுகிறதா என்று குனிந்து கவனிக்கிறாள். நன்றாகத் தெரிந்த நர்ஸம்மா ஒருத்தி "நீ தூங்கினியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும் பரிசோதனைதான். பிரசவ கால மனச்சோர்வை அளக்க ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் எடின்பரோவில் உருவாக்கி 1987-ல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, இங்கே பரீட்சித்துச் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன. கேட்க ஐந்து நிமிஷம் போதும். ரத்தக் கொதிப்பு பார்ப்பதைப்போல இதையும் ஒவ்வொரு தாயிடமும் கேட்பது கட்டாயமாகவேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன்.

பணமும் ஒரு மருந்தே. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்று, 1927-ல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் மகப்பேறு உதவித் திட்டம், 1987-ல் 300 ரூபாயுடன் தொடங்கி, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாயாக வளர்ந்தது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் அளித்த 12 வார விடுமுறை, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என்ற மருத்துவ விதிக்கு அது ஏறத்தாழச் சமம். ஆனால் சட்டத்தின் நிழல் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவள்மேல்தான் விழுகிறது. காண்டிராக்டர் மூலம் தினக்கூலிக்கு வருகிறவள், பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாமல், இரண்டாம் மாதமே வேலைக்குத் திரும்புகிறாள்; பால் கட்டிய மார்புடன் எட்டு மணி நேரம் நிற்கிறாள். அவளுக்கு மறைவான ஓர் இடமும் கால் மணி நேர இடைவேளையும் கிடைத்தால், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்து, பிரிட்ஜில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நான்கு நாள்வரை கெடாது. பால் வற்றாமல் இருக்கவும் அதுவே வழி.

செங்கல் சூளைப் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. ஒடிசாவின் பலாங்கீர் போன்ற மேற்கு மாவட்டங்களிலிருந்து மழைக்காலம் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாக வருகிறார்கள். அடுத்த மழைக்கு முன் திரும்பிப்போகிறார்கள். கூலி அறுக்கும் கல்லின் எண்ணிக்கைக்கு என்பதால், பெற்றவள் ஒரு நாள் படுத்தாலும் குடும்பத்தின் கணக்கில் கல் குறைகிறது. ஏப்ரலில் பிறந்த குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி திருவள்ளூர் மாவட்டத்திலும், பத்தாம் வார ஊசியும் பதினான்காம் வார ஊசியும் ஒடிசாவிலும் போடப்படவேண்டியிருக்கும். தாய்க்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, பிரசவத்தில் போன ரத்தம், ஆபரேஷன் நடந்திருந்தால் அதன் தேதி, குழந்தையின் எடை ஆகிய எல்லாம் தாய்சேய் நல அட்டையில் எழுதப்பட்டிருந்தால்தான் அங்குள்ள நர்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அவளுக்குத் தமிழ் தெரியாது. அட்டையில் தேதிகளும் எடைகளும் எண்களால் இருக்கட்டும், மருந்தின் பெயர்கள் இரு ஊராரும் படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கட்டும். ரயில் ஏறுவதற்கு முன் அந்த அட்டை தாயின் துணி மூட்டைக்குள் இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டு அனுப்புவதும் நம் நர்ஸின் வேலையில் சேர்ந்தது.